ஏனாத்தூருக்கு ஒரு லிஃப்ட்

நேற்று மழை விட்டதும், வாசலில் நின்ற தோழியிடம் என் மகள், “லிஃப்ட் வேணுமாடி?” என்றாள். அந்தப் பெண்ணும் சட்டென்று ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். இவ்வளவு சுலபமான காரியமா இது? இந்தச் சொல்லோடு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது.

அப்போது நான் மோட்டார் பம்பு விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஞாயிறு மாலைகளில் பிள்ளையார்பாளையத்து மாடியறை ஒன்றில் ஆங்கிலம் பேசப் பழகும் வகுப்பு. கீழே காபிக்கொட்டை அரைக்கும் கடை. இன்றும் அந்த வாசனை வந்தால் எனக்கு இலக்கணம் நினைவுக்கு வந்து நாக்கு உலர்ந்துவிடும். ஆசிரியர் ஆளுக்கொரு வாக்கியம் கொடுத்து, வாரத்துக்குள் யாரிடமாவது சொல்லிவிட்டு வரச் சொல்வார். எனக்கு வாய்த்தது, ‘கேன் ஐ கிவ் யூ எ லிஃப்ட்?’ முதலாளியின் மொபெட்டில் போகும்போதெல்லாம் முணுமுணுத்துப் பார்ப்பேன். கேட்கத்தான் ஆளில்லை.

ஒரு நாள் காலை உற்சவத்தில் சாமி புறப்பாடு. பேருந்துகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். வகுப்புத் தோழி கலைவாணி, சான்றிதழ்ப் பையோடு தெருமுனையில் தவித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபின் வீடு அவள் கையில். ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலக வேலைக்கு அன்று நேர்காணல் என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும்.

வண்டியை நிறுத்தினேன். பழகிய வாக்கியம் தொண்டையில் புரண்டு, “கேன் ஐ லிஃப்ட் யூ?” என்று வெளியே வந்தது. ‘உங்களைத் தூக்கட்டுமா’ என்று கேட்டிருக்கிறேன் என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அழப்போனவள் சிரித்துவிட்டாள்.

“தூக்கவெல்லாம் வேணாம் சார். ஏனாத்தூர்ல எறக்கிவுட்டா போதும்.”

கூட்டத்துக்குப் பயந்து சந்துக்குள் திரும்பினால், தெரு நெடுக, தறியில் ஏற்றுவதற்கான பட்டுப் பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். நெசவுக்காரர் முறைத்தார். கலைவாணி விஷயத்தைச் சொன்னதும் பாவைக் கையால் உயர்த்திப் பிடித்தார்.

“குனிஞ்சி வாமா. வண்டியச் சாய்ச்சிக்கினு வாப்பா, நூல்ல படாம.”

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பேருந்தே இல்லையே, எப்படி வந்தாய் என்று ஆங்கிலத்தில்தான் முதல் கேள்வியாம். “எ ஃப்ரெண்ட் கேவ் மி எ லிஃப்ட்” என்றாளாம். என் வாக்கியத்தை அவள்தான் ஒழுங்காகச் சொன்னாள். வேலை கிடைத்தது.

சில வருடம் கழித்து அவள் கல்யாணத்தில், “என்னைத் தூக்கிக்கினு போறேன்னவர் இவர்தான்” என்று மாப்பிள்ளையிடம் அறிமுகம் செய்தாள். அந்த மனிதர் ஒரு கணம் திகைத்து, கதையைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு குடும்பத்தோடு ஓசூர் போய்விட்டார்கள்.

காபிக்கடையை அந்த மாடியறையோடு இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் எல்லாரும் தப்பில்லாமல் ஆங்கிலம் பேசுகிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் வளர்ந்தவர்கள் நாங்கள் கூடி உட்கார்ந்து, உரக்கத் தப்பாகப் பேசி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்த ஓர் அறை, இப்போது ஊரில் எங்கும் இல்லை.