போகாமல் இருப்பதென்று முடிவான லெந்து

சாம்பல் புதனுக்குப் பின் வந்த இரண்டாம் வெள்ளி அது. கரியாலூர்ப் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து ஒரு பெண் தன் கணவனோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்திருந்தாள். அவனுக்குச் சிறுநீரகங்கள் கெட்டுப்போயிருந்தன. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் மலைப்பாதை பஸ்ஸில் வந்து போக அவன் உடம்பு தாங்காது. எனவே ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். நோயாளி என்றதும் மற்ற வீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்த ஒன்றுதான் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் அவளோடு பழகிய என் மனைவி சபையில் சொன்னாள். லெந்து என்னும் தவக்கால நாட்களில் வெள்ளிதோறும் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் ஜெபிப்பது எங்கள் சபை வழக்கம். பத்துப் பன்னிரண்டு பேர் போனோம். அறைக்குள் இடமில்லாதவர்கள் வாசலில் நின்று கஞ்சிரா தட்டிப் பாடினார்கள். சீப்புச் சீப்பாக வாழைப்பழம் கொடுத்தோம். டயாலிசிஸ் நோயாளிக்கு அது ஆகாது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் வாங்கி ஓரமாக வைத்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

மறுநாள் காலையில் கஞ்சி எடுத்துப்போன என் மனைவியை வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நிறுத்தினார்.

"இன்னாம்மா, என் வூட்ட சர்ச்சாக்கிக்கினு இருக்கீங்களா?"

"ஒடம்பு சரியில்லாதவருக்கு ஜெபம் பண்ணோங்க."

"பண்ணுங்க, உங்க வூட்ல பண்ணுங்க. நாளைக்குள்ள ரூம காலி பண்ணச் சொல்லிட்டாரு எங்க வூட்டுக்காரரு."

அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்தாள். "நாங்க மதம் மாறிட்டோம்னு தெருவுல பேசிக்கிறாங்கக்கா. மலைக்குச் சேதி போச்சுன்னா அங்கயும் சேக்க மாட்டாங்க. இவர இட்டுக்கினு நான் எங்க போவேன்?"

அன்று மாலையே சபையில் கூடிப் பேசினோம். மூப்பர் ஒருவர், "இது நமக்கு வந்த உபத்திரவம். விடக்கூடாது, நாளைக்கே மறுபடியும் போவலாம்" என்றார்.

"உபத்திரவம் நமக்கு இன்னா வந்துச்சுண்ணே?" என்றாள் என் மனைவி. "நாம பாடிட்டு வந்து வூட்ல படுத்துக்கினோம். ரோட்டுக்கு வரப்போறது அந்தப் பொண்ணு."

"அப்போ ஜெபமே வேணான்றியா?"

"இங்கருந்தே பண்ணுங்க. ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியும்."

சிலர் சிரித்துவிட்டார்கள். மூப்பர் சிரிக்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானும் என் மனைவியும் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனோம். அவர்கள் மதம் மாறவில்லை, எங்களுக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இனி யாரும் வரமாட்டோம் என்று சொன்னோம்.

"ஒருத்தர் வந்தாலும் அன்னிக்கே காலி" என்றார் அவர். அறை அவர்களுக்கே நின்றது.

செய்தி கேட்ட மூப்பர் என்னிடம், "வாடகை ரூமுக்காக ஆண்டவரையே தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க" என்றார். சம்பந்தம் இல்லை என்று சொன்னது நான்தானே. வேதத்தில் எத்தனையோ வசனம் படித்திருக்கிறேன், மூப்பரின் அந்தச் சொல்லைத் தள்ளிவைக்க எதுவும் உதவவில்லை.

ஆஸ்பத்திரியிலும் பேச வேண்டாம் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். அந்தத் தெருக்காரர்கள் அங்கேயும் வந்து போகிறார்கள். டயாலிசிஸ் நாட்களில் என் மனைவி எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் மருந்து வாங்கவோ சாப்பிடவோ எழுந்து போகும்போது, உள்ளே அவனுக்கு ஏதாவது என்றால் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். அதற்காகத்தான். வணக்கம்கூடக் கிடையாது.

பெரிய வெள்ளியும் டயாலிசிஸ் நாளாகவே வந்தது. மனைவி ஆராதனைக்கு வரவில்லை. மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை நடக்கும் மும்மணித் தியானம் முடிந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தத் தெருக்காரர் யாரோ அங்கே நின்றிருந்தார். அந்தப் பெண் எழுந்து வந்தாள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கே போனாலும் கூடவே எடுத்துப்போகும் துணிப்பையை என் மனைவியின் பக்கத்தில் வைத்துவிட்டு மருந்துச் சீட்டோடு படியிறங்கிப் போனாள்.