வேர்த்த ஐஸ்

என் மகள் பூங்கொடிக்குத் திருமணமாகி ஒன்பது வருடம். இரண்டு முறை செயற்கைக் கருத்தரிப்பு செய்தும் பலிக்கவில்லை. மூன்றாவதுதான் கடைசி, இனி உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டாள். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த கார்த்திகை மாதம் அது. புதன்கிழமை காலை கருமுட்டை எடுப்பதாக இருந்தது. அதற்கான ஊசியும் போட்டாயிற்று. இனி நாளைத் தள்ளிப்போட முடியாது.

கருவை வளர்க்கும் திரவம் சென்னையிலிருந்து செவ்வாய் மாலைக்குள் கள்ளக்குறிச்சி கருத்தரிப்பு மையத்துக்கு வர வேண்டும். இரண்டு டிகிரிக்கும் எட்டுக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். சூடேறினாலும் கெடும், உறைந்தாலும் கெடும். தடுப்பூசிக் கிடங்கை முப்பத்து நான்கு வருடம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விதிமுறைகளை மனப்பாடமாகச் சொல்வேன். வீட்டில் கேட்கத்தான் ஆளில்லை.

செவ்வாய் மதியம், திரவத்தைக் குளிர்ப்பெட்டியில் கொண்டுவந்த வேன் டிரைவர் பழனி போன் செய்தார். எலவனாசூர்கோட்டையில் சாலை மறியல். பெட்டியின் வெப்ப மீட்டர் ஏழு டிகிரியைத் தொட்டுவிட்டது.

"கவலைப்படாதீங்க சார். இங்க ஐஸ் கெடைக்குது. பெட்டி நெறய வெச்சிடறேன்."

அப்படி வைத்தால் உறைந்துவிடும் என்று நான் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. மறுபடி கிடைக்கவில்லை.

மையத்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். மகளிடம் சொல்லத் தைரியமில்லை. சாமியிடம் கேட்பதென்றாலும் உரிய வழியாகத்தான் கேட்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அன்று அதெல்லாம் மறந்து, ரிஷிவந்தியத்து அர்த்தநாரீஸ்வரரை நினைத்து அழுதேன். "இப்பவே சாலையைத் திறந்து விடு சாமி" என்றேன்.

அரை மணி கழித்துப் பழனியே கூப்பிட்டார்.

"சார், ஒரு அக்கா ஐஸ் வெக்க வுட மாட்டேங்குது. பக்கத்து வூட்லேர்ந்து ஐஸ் கட்டுன தண்ணி பாட்டில் எடுத்தாந்து குடுத்துட்டு, அதையும் வெக்காதன்னுது."

பின்னால் ஒரு பெண் குரல். "இன்னாத்துக்குப் பறக்கற? மருந்துய்யா அது, ஐஸ்ல போட மீனா? பாட்டில் வேர்க்கட்டும். ஆட்டுனா உள்ள தண்ணி கலகலன்னு கேக்கணும். அப்பறம் வெய்யி."

தடுப்பூசிப் பெட்டிக்கு நாங்கள் வைத்திருந்த விதி அதுவேதான். உருகத் தொடங்கிய ஐஸ் குளிர்விக்கும், மருந்தை உறைய வைக்காது. போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, யாரென்று கேட்டேன்.

"செல்வராணிங்க. வெள்ளிமலை பக்கம் ஊர் ஊரா தடுப்பூசிப் பெட்டி தூக்கிக்கினு போனவ. இப்ப மறியல்ல குந்திக்கினு இருக்கேன். நீங்க எதுனா சொல்லணுங்களா?"

"நீங்க சொன்னபடியே வைக்கட்டும்மா" என்றேன். பணியில் இருந்தவரை அப்படி நான் யாரிடமும் சொன்னதே கிடையாது.

மறியல்காரர்கள் அறிவித்திருந்தபடி ஐந்து மணிக்குத்தான் சாலை திறந்தது. பெட்டி வந்ததும் ஆய்வகப் பெண் மீட்டரைக் கணினியில் பொருத்தி, வழிநெடுகப் பதிவான வெப்பநிலையைப் பார்த்தார். மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை, எட்டைத் தாண்டவில்லை.

"யார் சார் பேக் பண்ணாங்க? இவ்ளோ சுத்தமா எங்களுக்கே வராது" என்றார்.

பேத்திக்கு இப்போது மூன்று வயது. பிரதோஷந்தோறும் ரிஷிவந்தியம் போகிறேன். எனக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியாது என்று முடிவு கட்டும் வழக்கத்தை விட்டுவிட்டேன். நான் கேட்டது சாலையை. அவன் காட்டியது, அதே சாலையை மறித்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை. அன்பர்களே, உங்கள் குறையையும் அவன் முன் வையுங்கள். எந்த வழியில் தர வேண்டும் என்று மட்டும் அவனுக்குக் குறிப்பு எழுதாதீர்கள்.