மூச்சுத்திணறல் என்ற காரணம்

குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டு விதிகளில் பதினோராவது விதி இது: ஒதுக்கப்பட்ட வீட்டை மாற்றிக் கேட்கும் ஊழியர் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அந்தக் காரணம் நேரில் வந்து சரிபார்க்கப்படும், ஒரே சுவரைப் பங்கிடும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். நல்ல விதி. மாற்றிக் கேட்பதற்குக் காரணமே அந்தப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் என்ன செய்வது என்று மட்டும் அதை எழுதியவருக்குத் தோன்றவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் சொல்கிறேன், விதி எழுதுகிறவர்களுக்கு மனிதர்களைப் பற்றி எப்போதும் கொஞ்சம் நல்லெண்ணம் அதிகம்.

போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த விதி ஞாபகத்துக்கு வந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்து இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டவர்களின் குழு அது. ஒருவர் எழுதியிருந்தார்: "நம்ம காலத்துல யாராவது சாதி பார்த்தோமா? ஒரே பஸ், ஒரே ஸ்கூல், ஒரே ஆஸ்பத்திரி. இப்பத்தான் எல்லாம் கெட்டுப் போச்சு." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகள், ரோஜாப் பூக்கள். நானும் ஒரு ரோஜாவைத் தொடப் போனேன். விரல் நின்றுவிட்டது.

அவர் சொன்னது பொய்யில்லை. ஒரே பஸ்தான், ஒரே பள்ளிக்கூடம்தான். வீடுகூட சீனியாரிட்டி பட்டியல்படிதான் கொடுத்தார்கள். சொந்த ஊரில் ஒருவர் தெருவுக்குள் இன்னொருவர் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்கள், இங்கே ஒரே சுவரில் இரண்டு பக்கமும் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டினார்கள். எங்கள் நற்குணத்தால் நடந்ததாக இன்று குழுவில் பேசிக்கொள்கிறோம். நடத்தியது பட்டியல்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா மின்நிலையத்தில் வேலை பார்த்தார். நாங்கள் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பக்கத்து வீடு சில மாதம் பூட்டிக் கிடந்து, ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டுக்காரர் சுரங்கத்தில் பல வருடம் கான்ட்ராக்டில் இருந்து அப்போதுதான் பெர்மனன்ட் ஆனவர். காடாம்புலியூர் பக்கத்துக் கிராமம். மனைவி, என் வயதில் செல்வி என்று ஒரு மகள். வந்த மூன்றாம் நாளே செல்வியும் நானும் ஒரே புளியங்காயைக் கடித்துத் தின்னும் அளவுக்கு நெருங்கிவிட்டோம்.

அந்தப் பொங்கலுக்கு ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். வாசலில் நின்று பல் துலக்கியபடி பக்கத்து வீட்டுக்காரரை விசாரித்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

அவர் ஊரைச் சொன்னார்.

"ஊர்ல எந்தத் தெரு?"

"காலனிங்க," என்றார் அவர், சைக்கிளைத் துடைத்துக்கொண்டே.

பெரியப்பா வாயைக் கொப்பளித்துத் துப்பினார். தெருப் பெயரைக் கேட்டு ஒருவர் முகம் ஏன் அப்படி மாறவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் தெருவுக்கெல்லாம் எண்தான்.

அன்று மத்தியானமே விண்ணப்பம் தயாரானது. பெரியப்பா சொல்ல, நான் எழுதினேன். அப்பாவின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எனக்குப் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு கிடைத்திருந்தது. காரணம் எழுதும் இடம் வந்ததும் பெரியப்பா கூரையைப் பார்த்து யோசித்தார். அந்த நாட்களில் கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் மின்நிலையப் புகைபோக்கியின் சாம்பல் பொடிப் பொடியாக ஒட்டும்.

"சாம்பல் காற்றால் என் மகளுக்கு மூச்சுத்திணறல் உள்ளது. எழுது."

"எனக்கா பெரியப்பா?"

"இனிமே இருக்கும். எழுது."

அப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அண்ணன் எதிரில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. இந்த வீடு கையைவிட்டுப் போனால் செல்வியும் போய்விடுவாள் என்பது எனக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் உறைத்தது. அதற்குள் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆனாலும் அது ஒரு பெரிய வார்த்தை. இத்தனை நீளமான நோய் எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் கிடையாது. மறுநாளே செல்வியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவள் ஓடிப்போய் அவள் அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா ஓட்டமாக வந்து என் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார்.

"இன்னா பாப்பா, மூச்சு முட்டுதாமே? சொல்லாமலே விளையாடிகினு இருக்கற! இரு, ஆடாதோடையும் மிளகும் போட்டு வச்சித் தரேன்."

அன்று சாயங்காலம் எவர்சில்வர் தூக்கில் கஷாயம் வந்தது. அம்மாவுக்குத் தர்மசங்கடம். வேண்டாம் என்றால் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும், விண்ணப்பம் பொய்யாகிவிடும். அம்மா தூக்கை விரல் நுனியால் பிடித்துக் கஷாயத்தைச் செம்பருத்திக்கு ஊற்றினாள். பிறகு வாசல் குழாயில் மூன்று முறை கழுவினாள். அதற்கப்புறம்தான் உண்மையான பிரச்சினை. பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது எங்கள் பக்கத்தில் பெரிய குற்றம்.

"வெறும் ஏனத்தையா கொடுக்கிறது?" என்று தனக்குள் முனகிவிட்டு, இரண்டு கட்டி கருப்பட்டியைப் போட்டு என்னிடம் கொடுத்தாள். "கொடுத்துட்டு உடனே வந்துரு. அத்தைன்னு கூப்பிடாதே."

டவுன்ஷிப்பில் எல்லா வீட்டு அம்மாவும் அத்தைதான், எல்லா வீட்டு அப்பாவும் மாமாதான். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அதனால் அத்தை என்றே கூப்பிட்டேன்.

கருப்பட்டி வந்த தூக்கை அவர்களாலும் வெறுமையாக அனுப்ப முடியாதல்லவா! மறுநாள் கஷாயத்தோடு ஒரு கிண்ணத்தில் வறுத்த முந்திரியும் வந்தது. கிண்ணத்தில் அம்மா எள்ளுருண்டை வைத்தாள். அதற்குப் பதில் பலாக்கொட்டைப் பொரியல் வந்தது. இரண்டு வீட்டின் பழக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடவில்லை. நடுவில் நான் ஒரு நாளைக்கு நான்கு நடை நடந்தேன். செம்பருத்தியைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்களோ என்னவோ, கஷாயத்தை மட்டும் அத்தை தன் கண் எதிரில்தான் குடிக்க வைத்தார். கசப்பு உச்சந்தலைக்கு ஏறும்.

சரிபார்க்க அதிகாரி வந்த அன்று நானும் செல்வியும் வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தோம். அம்மா உள்ளேயிருந்து ஜாடை காட்டியதைப் பார்த்ததும் இருமினேன்.

"மூச்சுத்திணறல் யாருக்கு?"

"எனக்குத்தான் சார்."

"இப்ப எத்தனை தாண்டினே?"

"நூத்திப் பதினாலு சார்." கணக்கில் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என்னைக் காப்பாற்றியது அத்தைதான். "எல்லாம் என் கசாயம் சார்! பத்து நாளா குடுத்துகினு வரேன். வந்தப்ப பத்துத் தாண்டிச்சின்னா இளைக்கும்." அதுவும் பொய்தான். ஆனால் எங்களுக்காகச் சொன்ன பொய்.

அடுத்து ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்து. மாமா விண்ணப்பத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். எங்கள் கொடியைப் பார்த்தார், தன் வீட்டுக் கொடியைப் பார்த்தார். அத்தை எட்டிப் பார்த்து, "இந்தச் சாம்பல் அவுங்க வூட்டு மேல மட்டும் பாத்து வுழுவுதா? எங்க துணியும்தான் கறுத்துப் போவுது," என்றார்.

"நீ உள்ள போ," என்றார் மாமா. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரியிடம், "எங்க சார் போடணும்?" என்று கேட்டார். போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தது. அது அவருக்கு ஏன் தெரியவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கையெழுத்து அழகாக இருந்தது.

பலா சீசன் வந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாப்பழம் ஒன்றை மாமா தலையில் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் இறக்கினார். அதைச் செம்பருத்திக்கு ஊற்ற முடியாது. மத்தியானம் முழுவதும் அம்மா அதை முறைத்துக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் வாசம். கடைசியில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் சுளையைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். இரண்டாவது சுளைக்குக் கண் திறந்துவிட்டது. பிறகு பெரிய கிண்ணம் நிறைய அதிரசம் வைத்து, "உங்க அத்தைகிட்டக் கொடு. சூடா இருக்கு, பாத்துத் தூக்கு," என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று நான் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

அன்று அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் அம்மா சொன்னாள்: "வீடு மாத்தணும்னா நீங்களும் உங்க அண்ணனும் மாத்திக்கங்க. நான் இங்கேதான் இருப்பேன்."

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் காரணம் எழுத வேண்டுமே. மறுபடி நான்தான் எழுதினேன்: "பக்கத்து வீட்டு அம்மையார் அன்புடன் அளித்த கஷாயத்தால் என் மகள் பூரண குணமடைந்துவிட்டபடியால்..." பூரண குணமடைந்ததையும் நேரில் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அதே அதிகாரி வந்தார். காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவருக்கே இருமல் வந்துவிட்டது. அத்தை அவருக்கும் ஒரு டம்ளர் கஷாயம் கொடுத்தார்.

கிளம்பும்போது அவர் அப்பாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்களது முடிஞ்சுது சார். பக்கத்து வீட்டுக்காரரும் வீடு மாத்திக் கேட்டு ஒண்ணு கொடுத்திருக்காரே, அது நிக்குது. உங்களுக்குக் கையெழுத்துப் போட்ட அன்னைக்கே கொடுத்தாரு. அன்னைக்கு நீங்களே மாத்திக் கேட்டிருந்ததால உங்க கையெழுத்து வேண்டாம்னு ஏத்துக்கிட்டாங்க. காரணம் பாருங்க." ஃபைலைத் திறந்து காட்டினார். ஒரே வரி. அண்டை வீட்டார் சங்கடமின்றி இருக்க.

நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் விண்ணப்பங்களில் காரணம் என்ற கட்டத்தைப் படித்திருக்கிறேன். அதில் உண்மையை எழுதியவர் அவர் ஒருவர்தான்.

அப்பா சட்டைகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்குள் போனார். அந்த வாசப்படியை அவர் தாண்டியது அதுதான் முதல் தடவை. நானும் பின்னாலேயே போனேன்.

"அதை வாபஸ் வாங்கிருங்க. நான் வாங்கிட்டேன்," என்றார் அப்பா. அத்தை கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

"உங்க காரணம் தீந்துபோச்சி, நீங்க வாங்கினீங்க சார்," என்றார் மாமா சிரித்துக்கொண்டே. "என் காரணம் அடுத்த பொங்கலுக்கும் ஊர்லேர்ந்து வருமே. வுடுங்க. எழுதிக் குடுத்த காயிதம், வர்றப்ப வரட்டும்."

அதன் பிறகு அந்த ஒரு காகிதம் எங்கேயாவது அடியில் சிக்கிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள்.

எனக்கு விஷயம் வேறுமாதிரி புரிந்திருந்தது. அண்டை வீட்டார் நாங்கள். சங்கடம் என்பது என் மூச்சு. நான் சௌக்கியமாக இருக்கத்தான் மாமா காலி செய்கிறார் என்று நம்பினேன். எனக்கு ஒன்றுமே இல்லை என்று காட்டிவிட்டால் அவர் போகமாட்டார். அதனால் தினமும் காலையில் அவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, சைக்கிளுக்குப் பக்கத்திலேயே தெரு முனை வரை ஓடினேன். முனையில் நின்று, வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக் காட்டினேன்.

"பாருங்க மாமா, இளைக்கவே இல்ல!"

"இல்ல பாப்பா, துளிகூட இல்ல," என்பார் அவர், காலை ஊன்றி நின்று முழுசாகப் பார்த்துவிட்டு.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடினேன். மழை நாளில்கூட விடவில்லை. ஏழாம் வகுப்பு திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வேறு பிளாக்கில் வீடு ஒதுக்கி மாமாவின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது, ஜூன் மாதம் இருபத்திரண்டாம் தேதி.