நகர மறுத்த பச்சைப் புள்ளி

சில வருடங்களுக்கு முன், குருக்கள்மடம் என்ற ஊரில் வாவிக்கரையை ஒட்டிய ஒரு மண்டபத்தின் பின்னறையில் நடந்தது இது.

அப்போது நான் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் உதவியாளராக இருந்தேன். உணரிகள் பொருத்திய தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, கையை அசைப்பதாக மனதில் நினைக்க வேண்டும். கணினித் திரையில் ஒரு பச்சைப் புள்ளி நகரும். அதைப் பழகத் தேற்றாத்தீவிலிருந்து ஓர் ஆட்டோ ஓட்டுநர் வந்தார். ஏறக்குறைய என் வயதுதான். விபத்தில் தோள் நரம்பு அறுந்து, அவருடைய வலக்கை செயலிழந்திருந்தது.

புள்ளி நகரவே இல்லை. நகர்ந்தாலும் தப்பான பக்கம் போனது. அவர் போன பிறகு, உதவி செய்வதாக நினைத்து, மூளையின் எந்தச் சமிக்ஞைக்கு எந்தப் பக்கம் என்ற கணினியின் கணக்கைத் தினமும் மாற்றி வைப்பேன். அப்படியும் பலனில்லை. அவருக்குக் கவனம் போதாது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டாவது வாரம் அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாளைக்கு நான் வரல்ல மிஸ். நேற்று என்ன நினைச்சனோ, அதையேதான் இண்டைக்கும் நினைச்சன். புள்ளி வேற பக்கம் போகுது. தினமும் வேற வேற ஆட்டோவத் தந்தா கிளச் எப்பிடிப் பிடிபடும்?"

எனக்கு முகம் சுட்டது. அவர் பழகிக்கொண்டுதான் இருந்தார். பழகியதை நான்தான் அழித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மேசையிலிருந்த தொப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "சரி, இனி அதில கை வைக்காதீங்க. நாளைக்கு வாறன்" என்றார்.

அதன் பிறகு நான் எதையும் தொடவில்லை. ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, வாவியில் பட்ட வெயில் உட்கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. புள்ளி மெல்லப் புறப்பட்டு, திரையிலிருந்த வட்டத்துக்குள் போய் நின்றது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது. நான் மூச்சு விடக்கூடப் பயந்தேன்.

"கையத்தான் நினைச்சீங்களா அண்ணா?"

"முதல்ல கையத்தான் நினைச்சன். இப்ப கை ஞாபகத்திலயே இல்ல மிஸ். அங்க போகோணும் எண்டு நினைக்கிறன், போகுது."

அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. செயலிழந்த கை மடியில் உறங்குவதுபோலக் கிடந்தது. அந்தக் கை கடைசிவரை குணமாகவில்லை; ஆனால் அவருடைய மூளை எங்கள் கண்முன்னே தனக்கு ஒரு புதுக் கையைப் பழக்கிக்கொண்டது.

இப்போது நான் கற்பிக்கிறேன். யாராவது கற்றுக்கொள்ளத் தாமதித்தால், அவர்களைத் திருத்தப் போகுமுன், பழகிக்கொள்ள அவர்களை நான் விட்டேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.