அக்காவின் மதிப்பீட்டில் தவறு இல்லை

ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்தச் சிறு நூலைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவுடன் பணியாற்றிய ஆசிரியர்களுக்கும் வணக்கம். நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். மூன்று முறை அப்படி எழுதிக் கிழித்துவிட்டேன்.

அக்கா கீழ்வேளூருக்கு அருகே எங்கள் ஊரில் பிறந்தார். அப்பா இறந்தபோது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் பயிற்சி முடித்ததும் வேதாரண்யம் பக்கம் முதல் வேலை. தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார். கணவர் இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பிள்ளை இல்லை. உள்ளூர்ப் பள்ளிக்கு மாற்றல் கிடைத்து, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்தினார்.

சில வாரங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து வாசிக்கச் சொல்வார். எழுத்தில் தடுமாறுபவர்கள் அரும்பு, சொற்களை வாசிப்பவர்கள் மொட்டு, பத்தியை வாசிப்பவர்கள் மலர். அதன்படிதான் அடுத்த பாடம். பாதிப் பேருக்குக் கடன் வாங்கிக் கழிக்க வரவில்லையென்றால், எழுதிய பாடக்குறிப்பை ஓரம் வைத்துவிட்டு மறுபடி குச்சிக் கட்டுகளைப் பிரிப்பார்.

“டெஸ்ட் பிள்ளைங்களுக்கு இல்லடி, எனக்கு. நான் எங்க கோட்டை விட்டேன்னு அதுதான் சொல்லும்” என்பார்.

மூன்றாம் வகுப்பில் என் மகள் அரும்பில் இருந்தாள். படித்தவள் பெற்ற பிள்ளை ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த மதிப்பீட்டுக்கான பத்தியை அக்காவின் பையிலிருந்து எடுத்துப் போனில் படம் பிடித்தேன். “வயலில் வாத்துகள் இறங்கின” என்று தொடங்கும் ஐந்து வரிகள். மனப்பாடமாகும்வரை மகளை விடவில்லை. அழுதபோது அடித்தேன். அவள் விரல் வைத்து ஒப்பித்தாள். யாரும் பார்த்திராத பத்தி என்பதால் அக்கா நம்பி, மலரில் உட்கார வைத்தார். அங்கே நடந்த பாடம் ஒன்றும் அவளுக்குப் புரியவில்லை.

பின்னர் பார்வையிட வந்த அதிகாரி, மலர்ப் பிள்ளைகளிடம் புதிய பத்தி ஒன்றைக் கொடுத்தார். அது பேருந்தைப் பற்றியது. என் மகள் அதன்மேல் விரலை வைத்து, “வயலில் வாத்துகள் இறங்கின” என்றாள். வகுப்பே சிரித்தது.

“தங்கச்சி பிள்ளைன்னு தூக்கி விட்டுட்டீங்களா டீச்சர்?” என்று பிள்ளைகள் முன்னாலேயே அதிகாரி கேட்டார்.

அன்று மாலை அக்கா என்னிடம், “நீ ஏதாவது சொல்லிக் குடுத்தியாடி?” என்றார்.

“உனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியலைன்னா என் தலையில போடுவியா? புள்ள பெத்திருந்தாத்தானே தெரியும்” என்றேன்.

அக்கா எழுந்து போய்விட்டார். மறுநாளே மகளை அரும்பில் உட்கார வைத்து, ‘வ’ என்ற எழுத்திலிருந்து தொடங்கினார். விளக்கம் கேட்டு வந்த மெமோவுக்கு, “மதிப்பிட்டதில் தவறு என்னுடையது” என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார். ஊரில் ‘வாத்து டீச்சர்’ என்று பெயர் வைத்தார்கள். கல்யாணப் பந்தி ஒன்றில் நம் சொந்தக்காரர் ஒருவர், “என்ன டீச்சர், வீட்ல இன்னிக்கு வாத்துக்கறியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த மாதம் மூளையில் ரத்தக்கசிவு. தஞ்சாவூர் மருத்துவமனையில் நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்தார். சொல்லிவிட நினைத்துக் காதருகே குனிந்தேன். பக்கத்தில் நர்ஸ் நின்றார். தலையணையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்துகொண்டேன்.

அடக்கம் முடிந்து வந்ததும் மகள் சொன்னாள்: “நீ போட்டோ எடுத்ததை, ஆபீசர் வந்த அன்னிக்கு ஸ்கூல்லயே பெரியம்மாகிட்ட சொல்லிட்டேம்மா.”

மாலையில் என்னிடம் கேட்டபோது அக்காவுக்கு எல்லாம் தெரியும். நானாகச் சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறார்.

அக்காவை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றவர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், அவருடைய வகுப்பை ஏற்று நடத்தும் ஆசிரியைக்கும் நன்றி. என் மகள் இப்போது மொட்டில் இருக்கிறாள், தானாக வாசிக்கிறாள். என் பாரத்தை இறக்கத்தான் இதை எழுதுகிறேனோ என்றும் தோன்றுகிறது. ஆனாலும் அந்த மெமோ அக்காவின் கோப்பில் இன்னும் இருக்கிறது. நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். அக்கா பொய் மதிப்பெண் போட்டார் என்று இதுவரை சொன்னவர்கள், அடுத்த முறை என் பெயரைச் சொல்லுங்கள்.