பீர்க்கந்தோட்டத்தில் கேட்ட ரீங்காரம்

பேய் விஷயத்தில் நான் கறாரான ஆள். கொரட்டூர் ரயிலடிப் புளியமரத்தில் ஒன்று இருப்பதாகச் சொன்னவரிடம், அது சீசன் டிக்கெட் எடுத்திருக்கிறதா என்று கேட்டவன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். பாருங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் எழுந்தே போயிருப்பேன்.

யுத்த காலம். வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிற யோசனையில்கூட இல்லை. ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்திறங்கியதும், கொசுவுக்குப் பயந்து, சுற்றுவட்டார ஏரிகளில் விஷப்பொடி தூவ ஒரு காண்டிராக்டரைப் பிடித்தார்கள். பச்சைப் பொடி; சாம்பலில் கலந்து தண்ணீரில் மட்டும் கொஞ்சமாய்த் தூவ வேண்டியது. இந்த மகானுபாவரோ டின் காலியானால் வேலை முடிந்தது என்று ஏரி, கரை, வேலி, வயல் எல்லாவற்றுக்கும் அட்சதை போட்டுவிட்டுப் போனார்.

கொசு சாகவில்லை. மற்றதெல்லாம் செத்தது. கரையில் தட்டான், வேலியில் பொன்வண்டு, வயலில் வெட்டுக்கிளி, மரத்தைக் குடைகிற கருவண்டு, தேனீ, குளவி, பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ. என் மைத்துனன் முனுசாமி முறம் நிறையக் கூட்டி அள்ளினான். அலமாரி நிறையப் புத்தகம் படித்த எனக்கு அதுவரை பூச்சி என்றால் இரண்டே ஜாதி, கடிப்பது, கடிக்காதது. இத்தனை பேர் நம்மூரில் குடியிருந்தது அந்த முறத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

முனுசாமி ஏரிக்குக் கீழே வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு பேசி, எடுத்த நிலத்தில் பீர்க்கு போட்டிருந்தான். முந்தின போகம் வெள்ளத்தில் போயிற்று. இதுவும் போனால் நிலத்தைச் செங்கல் சூளைக்கு விட்டுவிடுவேன் என்று நிலக்காரர் சொல்லியிருந்தார். கொடி பூத்தது. பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது.

"பூ கீது மாமா, பிஞ்சு நிக்க மாட்டேங்குது. பூவுக்குப் பூ போறதுக்கு ஒரு வண்டு இல்ல" என்றான்.

இருவருமாய்க் காண்டிராக்டரிடம் போனோம்.

"பூச்சி செத்ததுக்கா அழுவுற நைனா?" என்று சிரித்தார். "போய்க் கருமாதி பண்ணு. சாப்பாட்டுக்கு நானும் வர்றேன்."

நான் அவருக்குக் கொடுக்க வேண்டிய அருமையான பதில் வீட்டு வாசலை மிதித்த பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. என் கோபம் எப்போதும் அடுத்த ரயிலில்தான் வரும்.

மறுநாள் ஆபீஸ் விட்டு நேரே தோட்டத்துக்குப் போனேன். பீர்க்கம்பூ விரிகிற சாயங்கால நேரம். பந்தலடியில் முனுசாமி அசையாமல் நின்றுகொண்டிருந்தான். ரீங்காரம். ஒரு குரல் இல்லை. தடித்தது, மெலிந்தது, சிறகு படபடப்பது, கச்சேரியே நடந்தது. கண்ணுக்கு ஒரு பூச்சி இல்லை. நம்பினால் நம்புங்கள், என் எதிரிலேயே ஒரு பூ, எதுவோ வந்து உட்கார்ந்த கனத்தில் தாழ்ந்து, பிறகு நிமிர்ந்தது. அதற்கடுத்த பூ தாழ்ந்தது. நான் கையை நீட்டினேன். புறங்கையில் சின்னச் சின்னக் கால்கள் ஊர்ந்து போயின. கையில் ஒன்றுமே இல்லை.

"பேசாத மாமா," என்றான் முனுசாமி மெல்ல, "அதுங்க வேல செய்துங்க."

அந்த வாரமே பந்தல் முழுக்கக் காய். நிலம் தப்பியது. சேதி தெரிந்து காண்டிராக்டர் நேரில் வந்து காயைத் தடவிப் பார்த்தார்.

"பாத்தியா? என் பொடி எருவாட்டம் வேல செய்துகீது!" என்றவர், நாங்கள் கத்தக் கத்த, பந்தல் மேலேயே இன்னொரு டின்னைக் கவிழ்த்துவிட்டுப் போனார். செத்ததுகளை மறுபடி கொன்றவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். 'அவர்' என்று சொல்ல இனி எனக்கு நாக்கு வளையாது. அன்று சாயங்காலத்தோடு தோட்டத்தில் சத்தம் நின்றது.

விதைக்கு விட்ட காய்கள் காய்ந்ததும் ஆட்டிப் பார்த்தோம். கலகலக்கவில்லை. உடைத்த எதிலும் ஒரு விதை இல்லை. முனுசாமி பூந்தமல்லியில் விதை வாங்கித்தான் அடுத்த போகம் போட்டான். உடைக்காத பீர்க்கங்கூடு ஒன்றை முதுகு தேய்க்க என்று என் மனைவி கொண்டுவந்து கிணற்றடியில் மாட்டினாள். மறுநாளே, "இந்தாங்க, இதுக்குள்ள இன்னாவோ கீது" என்று கூப்பிட்டாள்.

இன்றைக்கும் அது அங்கேதான் தொங்குகிறது, யாரும் அதில் முதுகு தேய்ப்பதில்லை. பொழுது சாய்ந்தால் உள்ளே மெல்ல ரீங்கரிக்கிறது. கோழி கிட்டே போனால் நிற்பதில்லை. பூனை போனாலும் நிற்பதில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனாலும் சட்டென்று அடங்கிவிடுகிறது. திரும்பி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால்தான் மறுபடி தொடங்குகிறது. செத்த பிறகுமா ஐயா, மனுஷனைக் கண்டு இத்தனை பயம்?