ஊக்கால் எடுத்த பதினேழு முள்

ஸ்ஸ்ஸ்... என்று ஒரு சத்தம்.

கண்மாய்க் கரைப் புல்லுக்குள் பாம்புதான் போகிறது என்று நினைத்து இரண்டு எட்டு பின்னால் வைத்தேன். ஐயனார் கோயில் மணி அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. பாம்பு இல்லை. எனக்கு முன்னால் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த எட்டு சைக்கிள்களில் இருந்தும் காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

இறக்கிவிட்டவள் நான்தான்.

நாலு வருடம் இருக்கும்... எங்கள் வீட்டுக்காரருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் முடிந்த சமயம். மெதுவாக சைக்கிள் ஓட்டலாம், நல்லதுதான் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். திருநகர் சைக்கிள் குரூப்பில் சேர்ந்து, தடித்த டயரும் கியரும் வைத்த மவுண்டன் பைக் ஒன்றையும் வாங்கிவிட்டார் மனுஷன்.

எனக்குத் தூக்கம் போனது. காலையும் மாலையும் அவருடைய பிரஷரை நோட்டில் எழுதி வைக்கிறவள் நான். பிரஷர் மெஷினைப் பார்க்க யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே பழகிக்கொண்டேன். அவர் மாடி ஏறினால், கீழே நின்று மூச்சுச் சத்தத்தைக் கேட்பேன். அப்படிப்பட்டவரைத் தனியாக எப்படி அனுப்புவது? நாற்பத்தாறு வயதில் கிரவுண்டில் விழுந்து எழுந்து நானும் சைக்கிள் பழகினேன். ஆசைக்கு இல்லை... காவலுக்கு.

அது சனி, ஞாயிறு இரண்டு நாள் பயணம். பரவையைத் தாண்டி, கண்மாய்க் கரைகளின் மண் பாதையிலேயே சுற்றி வருவது. மொத்தம் எட்டுப் பேர். முன்னால் போகிறவர் பாண்டி அண்ணன், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இவரை மாப்ள என்பார், என்னைத் தங்கச்சி என்பார்.

சனிக்கிழமை முழுக்க இவருக்குப் பத்தடி பின்னாலேயே ஓட்டினேன்.

"ஏண்டி, போலீஸ் ஜீப்பு மாதிரி பின்னாடியே வார? முன்னாடி போயேன்."

"முன்னாடி போனா நீங்க விழுறது எனக்கு எப்படித் தெரியும்?"

ஞாயிறு காலை இரண்டாவது கண்மாய். கரையில் ஐயனார் கோயில். அந்தப் பக்கத்தில் யாரும் சாமிக்கு முன்னால் வண்டியில் உட்கார்ந்தபடி போக மாட்டார்கள். இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். நாங்களும் இறங்கினோம். ஒரு குடும்பம் பூசைக்கு வந்திருந்தது. எங்களையும் உட்கார வைத்து இலையில் பொங்கல் கொடுத்தார்கள். இவருக்காக நான் ஞாயிறு விரதம்... மதியம் வரை பச்சைத் தண்ணீர்தான். சாமி கும்பிட்டுவிட்டு சைக்கிள்கள் பக்கம் வந்தேன்.

டயர் முழுக்க சீமைக்கருவேல முள்.

எனக்குச் சும்மா இருக்கிற கை இல்லை. தாலிச் செயினில் கிடந்த ஊக்கைக் கழற்றி, ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். எட்டு சைக்கிளிலும் சேர்த்துப் பதினேழு முள். வெறுங்காலோடு வருகிறவர்களுக்குக் குத்திவிடக் கூடாது என்று அதையும் ஓர் இலையில் மடித்து வைத்தேன். பூசை மணிச் சத்தத்தில் வேறொன்றும் காதில் விழவில்லை. மணி நின்ற பிறகுதான் அந்த ஸ்ஸ்ஸ்...

பாண்டி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"யாரு பார்த்த வேலை இது?"

"நான்தாண்ணே. முள்ளு குத்தியிருந்துச்சு... எடுத்துவிட்டேன்."

"எம்புட்டு எடுத்த?"

"பதினேழு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தங்கச்சி, முள்ளு உள்ள இருக்கிறவரைக்கும்தான் காத்து நிக்கும். அதோடயே ஓட்டி வீடு போய்ச் சேந்து, அப்புறம்தான் எடுக்கணும். அம்புட்டையும் புடுங்கிட்டியே தாயி."

கையில் இருந்த மாற்று டியூப் இரண்டுதான். ஒட்டுகிற பசை காய்ந்து கிடந்தது. ஒரு சைக்கிளை மட்டும் சரிசெய்து, லோடு ஆட்டோ பிடித்து வர ஒருவரை அனுப்பினோம். ஆட்டோ கரைமேல் வராது. தார் ரோடு வரை நாலு கிலோமீட்டர், தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். பதினோரு மணி வெயில்.

நான் நேராக இவரிடம் போனேன்.

"நீங்க இங்கனயே உக்காருங்க. யாராச்சும் பைக்கில வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"நான் என்ன கண்ணாடிப் பொம்மையா? நட."

நடந்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை, அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. கண் பாதையில், காது முழுக்க இவர் மூச்சில். அம்மா மீனாட்சி, என் கை செய்த தப்புக்கு இவரைச் சோதித்துவிடாதே... இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பாதி வழியில் இவர் சட்டென்று நின்றார்.

என் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். "என்னங்க... என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்ணும் செய்யல. உனக்குத்தான் மேமூச்சு கீமூச்சு வாங்குது. கரையே கேக்குதுடி. வெறும் வயிறு வேற... உன் சைக்கிளையும் கொடு."

அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நேரமும் நான் பயந்து பயந்து கேட்டுக்கொண்டிருந்தது என்னுடைய மூச்சை.

ஆளுக்கு ஒன்றாகத் தள்ளி வந்த எல்லாருக்கும் முன்னால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இவர் போனார். "மாப்ள, கொஞ்சம் மெதுவாப் போய்யா" என்று பாண்டி அண்ணன் பின்னாலிருந்து கத்தினார்.

தார் ரோட்டுப் புளியமரத்தடியில், பையிலிருந்து மெஷினை எடுத்து இவர் கையில் சுற்றினேன். எப்போதும் வருகிற அளவுதான் வந்தது. "எனக்கும் பாரு தாயி" என்று பாண்டி அண்ணனும் கையை நீட்டினார். அவருக்குத்தான் பிரஷர் கூட இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நான் முந்தானை இல்லாத குறைக்குத் துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டு அழுது தீர்த்தேன். ஒரு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் இறங்கியது.

அன்று வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன். "நாலு கிலோமீட்டர். வெயில். இரண்டு சைக்கிள். ஒன்றுமில்லை."

இப்போது அந்த நோட்டில் மாதம் ஒரு வரிதான். இவர் தனியாகவே கண்மாய்க்குப் போகிறார், வருகிறார். போன் போட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றத்துக்கு என் சைக்கிளில் நான் போகிறேன்... இது காவலுக்கு இல்லை, ஆசைக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்குப் போய்விட்டு வந்து, சைக்கிளைக் கேட்டில் சாய்த்துவிட்டுக் குளிக்கப் போனார். முன் டயரில் ஒரு முள். என் கை தானாகத் தாலிச் செயினுக்குப் போனது.

டயரை அமுக்கிப் பார்த்தேன். காற்று கல் மாதிரி நின்றிருந்தது.

அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று ஊக்கை விட்டுவிட்டு, காபி போட உள்ளே போனேன்.